இடஞ்சொல்லி பெருமாள்சாமி

கோள்சொல்லியை உங்களுக்குத் தெரியும். குறிசொல்லியையும் தெரியும். இடஞ்சொல்லி என்று ஒரு பிறவி இருக்கிறதே, அதைத் தெரியுமா? தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், டீக்கடை பெஞ்சின் காற்றோட்டமான முனையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். உலகத்தில் எது நடந்தாலும் அதில் நாம் எத்தனையாவது இடம் என்று சொன்னால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்களும் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுவோம். இடஞ்சொல்லி ஓடமாட்டார். பாதுகாக்கப்பட்ட குடிநீரில் பின்லாந்து எங்கே, நாம் எங்கே என்று நின்ற இடத்திலேயே விளக்குவார். அவர் வீட்டுக்குத் தண்ணீர்? அது அவர் மனைவி போய் எடுத்து வருவாள்.

சங்கரன்கோவிலுக்கு வாய்த்த இடஞ்சொல்லி பெருமாள்சாமி. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவர். நந்தவனத் தெருவில் மாடி வீடு. மதுரை விமான நிலையத்துக்கு வெளியே நின்று விமானம் கிளம்புவதைப் பார்த்ததுதான் அவர் வெளிநாட்டை நோக்கிச் செய்த ஆக நீண்ட பயணம். ஆனால் நார்வேயில் ஒரு குழந்தை எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போகும் என்று கேளுங்கள், தசமப் புள்ளியோடு சொல்வார். எதிர்வீட்டுக் குழந்தை எத்தனாவது படிக்கிறது என்று கேட்டால் மட்டும் மோவாயைச் சொறிவார்.

ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஆண்டுதோறும் மனித வளர்ச்சி அறிக்கை என்று ஒன்று வருகிறது. ஒரு நாட்டில் மனிதன் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறான், எத்தனை வருஷம் படிக்கிறான், தலைக்கு என்ன வருமானம் என்று மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணாக உருட்டி, நாடுகளை வரிசையில் நிறுத்துவார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அளந்து பார்த்தால்தானே எங்கே குறை என்று தெரியும்? ஆனால் இடஞ்சொல்லி அந்த அறிக்கையைக் குறை தெரிந்துகொள்ள வாசிப்பதில்லை. பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் அடுத்த வீட்டுப் பையனின் நம்பரைத் தேடுகிற மாமனைப் போல வாசிக்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மம்மது டீக்கடையில்தான் தினமும் காலையில் அவருடைய தர்பார். புளியங்குடி பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் போதும்.

“சுவிட்சர்லாந்துல பஸ்ஸு வந்தாத்தான் வே கடியாரத்தையே சரி பண்ணுதான்.”

“அந்த பஸ்ஸுல ஏறுனா புளியங்குடிக்குப் போவலாமா அண்ணாச்சி?” என்பார் மம்மது, கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இடஞ்சொல்லிகள் பதில் சொல்வதில்லை. நாட்டின் கல்வித்தரத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

ஒருநாள் கடையநல்லூர் சைஃபுல்லா அங்கே டீ குடிக்க வந்து மாட்டிக்கொண்டார். வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருக்கே பெருமாள்சாமி அரைமணி நேரம் வளைகுடாவின் வாழ்க்கைத் தரத்தை எடுத்துரைத்தார். சைஃபுல்லா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்லுதது எல்லாம் நெசமாத்தான் இருக்கும் அண்ணாச்சி. நா அங்கன ஒரு ரூம்ல பன்னெண்டு பேரோட கெடந்தேன். அந்தத் தரம் எந்தக் கட்டிலுக்குக் கீழ இருந்துச்சோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.” பெருமாள்சாமி சிரித்தார். தனிமனித அனுபவம் புள்ளிவிவரம் ஆகாது என்பது அவர் கொள்கை.

சாவு வீட்டில் அவரைப் பார்க்கவேண்டுமே. துண்டை இறுக்கிக்கொண்டு போவார், கை கொடுப்பார், குரலைத் தாழ்த்தி “எத்தன வயசு?” என்பார். எழுபத்திரண்டு என்று சொல்வார்கள். “ம். நம்ம தேசத்துச் சராசரிய எட்டிட்டாரு. அதுவரைக்கும் நஷ்டமில்ல.” எண்பத்திரண்டு என்றால் முகமே மலர்ந்துவிடும்: “அடேயப்பா, டென்மார்க்குல்லா!” ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிட்டாலோ, செத்தவர் ஏதோ ஊர் மானத்தை வாங்கிவிட்டது போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருவார்.

வீட்டில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் நாலாவது இட்லியை வைக்கும்போது, “ஜப்பான்காரன் எம்பது சதவீதந்தான் வயித்த ரொப்புதான், அதான் நூறு வயசு இருக்கான்” என்பார். சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குத் தட்டை நீட்டுவார். ஆண் பெண் சமத்துவத்தில் ஐஸ்லாந்து எப்படிக் கொடி கட்டிப் பறக்கிறது என்று அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி விவரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், அந்த அம்மாள் காஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போனாள். “கால எடுங்க” என்றாள். எடுத்தார். அதுவும் ஒருவகை ஒத்துழைப்புதானே?

இதுவரைக்கும் ஊருக்கு நஷ்டமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அவ்வளவுதான். அதனால் யாரும் சாகமாட்டார்கள். வினை எப்போது வருகிறது என்றால், ஏட்டுச் சுரைக்காய்க்காரரிடம் யாராவது அரிவாள்மனையைக் கொடுக்கும்போது.

போன மாசியில் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு தர்ம ஸ்தாபனம், வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, ஒரு மருத்துவ வண்டி அனுப்புவதாக எழுதியிருந்தது. டாக்டர் வருவார், நர்ஸ் வருவார், சர்க்கரை பார்ப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், எல்லாம் இலவசம். ஆனால் ஊருக்கு ஒரே ஒரு தெருவில்தான் வண்டி நிற்கும். அந்தத் தெருக் குடும்பங்களுக்கு மட்டுந்தான் அட்டை. நந்தவனத் தெருவா, ஊரின் அந்தக் கடைசியில் இருக்கும் பாவடித் தெருவா என்று பேச்சு வந்தது. எந்தத் தெருவுக்கு அதிகத் தேவை என்று அறிக்கை கேட்டார்கள். நலக் கமிட்டிச் செயலாளர் செல்வக்குமாருக்கு எழுதப் பொறுமையில்லை. “அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாத அறிக்கையா?” என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவர் பெருமாள்சாமி.

பாவடித் தெரு என்பது விசைத்தறிகளின் தெரு. விடிந்ததிலிருந்து சடக் சடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். அந்தத் தெருவில் வீரபாண்டி என்று ஒருவர், நாளைக்குப் பத்து மணி நேரம் தறியில் நிற்கிறவர். சர்க்கரை இருக்கிறது. கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், பொங்கலுக்கு முன்னால் வந்தது, ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் அரை நாள் போய்விடும், அரை நாள் போனால் அன்றைக்குச் சேலை இறங்காது. சேலை இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும். ஆகவே புண்ணில் மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் மனைவி மாரிசெல்வி, தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிறவள், வண்டி வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வியாழக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தாள். தெருவிலேயே வண்டி நின்றால் கால் மணி நேரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு தறிக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பெருமாள்சாமி அறிக்கையை ஐக்கிய நாடுகள் சபை செய்கிறபடியே செய்வதென்று முடிவு கட்டினார். ஆயுள், படிப்பு, வருமானம். வீடு வீடாகப் போய்க் கேட்கலாமே என்று செல்வக்குமார் சொன்னதற்கு, “சனங்க பொய் சொல்லுவாங்க வே. ஆவணந்தான் பேசணும்” என்றார். ஆவணத்துக்கு எங்கே போவது? படிப்புக்குக் கல்யாணப் பத்திரிகைகளைத் திரட்டி, பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் என்று எண்ணினார். வருமானத்துக்கு, தெருவில் எத்தனை மோட்டார் பைக் நிற்கிறது என்று பார்த்தார். பாவடித் தெருவில் வரிசையாக நின்றது. அவையெல்லாம் பனவடலிசத்திரத்திலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் தறி ஓட்ட வருகிறவர்களின் பைக்குகள் என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். கேட்கவில்லை. சின்னப் பிள்ளை ஆவணமில்லையே.

ஆயுளுக்குத்தான் அவர் மூளை முழுசாக வேலை செய்தது. நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோமே, அதில் தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி என்று போட்டிருக்குமே. கழித்தால் ஆயுள். கூட்டி வகுத்தால் தெருவின் ஆயுள்! உலகத்தில் எந்தப் பொருளாதார நிபுணருக்கும் தோன்றாத வழி. நோட்டுப் புத்தகமும் கையுமாக இரண்டு தெருச் சுவர்களையும் ஒரு வாரம் தடவிப் பார்த்தார். கிழிந்ததற்கு அச்சகத்தில் போய்ப் பழைய மாதிரித் தாள்களைப் புரட்டினார். உழைக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

நந்தவனத் தெருவில் பத்தொன்பது போஸ்டர். சராசரி அறுபத்தேழு புள்ளி எட்டு. பாவடித் தெருவில் பதினொரு போஸ்டர்தான். சராசரி எண்பத்தாறு. பெருமாள்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி கூட்டினார். எண்பத்தாறேதான். ஜப்பானையே பின்னால் தள்ளிவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு தறிக்காரத் தெரு!

இது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நந்தவனத் தெருவில் யார் இறந்தாலும் போஸ்டர் உண்டு. ஐம்பத்துநாலு வயதில் போனால் ஆபீஸ் யூனியன் அடிக்கும். பாவடித் தெரு வழக்கம் வேறு. பேரன் பேத்தி எடுத்து, ஆண்டு அனுபவித்துப் போனால் அது கல்யாணச் சாவு. நாலு மகன்கள் சேர்ந்து கொட்டு வைத்து, வெடி போட்டு, பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் அடுக்கிப் போஸ்டர் அடிப்பார்கள். முப்பத்தெட்டு வயதில் ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் யார் போஸ்டர் அடிப்பது? இளஞ்சாவுக்கு அந்தத் தெருவில் சுவரில் ஒன்றும் ஒட்டமாட்டார்கள். சீக்கிரம் எடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். ஆக, அந்தத் தெருவில் சின்ன வயதில் செத்தவர்கள் எல்லாரும் பெருமாள்சாமியின் நோட்டுப்படி சாகவே இல்லை.

அறிக்கை போனது. ‘மிக உயர்ந்த மனித வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழே பாவடித் தெரு. ‘கவனம் தேவைப்படும் பகுதி’ என்ற தலைப்பின் கீழே நந்தவனத் தெரு. பங்குனி முதல் வியாழக்கிழமை, வண்டி வந்து பெருமாள்சாமி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது. அவர்தான் முதல் ஆளாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்தாரா என்றால், இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனைக்கூட ஒருநாள் திருத்திவிடலாம்.

அடுத்த வாரம் மாரிசெல்வி அவர் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“வாம்மா. ஒங்க தெருவுக்கு ஒரு நல்ல சேதி” என்று இவர் ஆரம்பித்தார். “எம்பத்தாறு! ஜப்பான்லயே அவ்வளவு கெடையாது. நீங்க எல்லாம் பெருமப்படணும்.”

“என்ன எம்பத்தாறு அண்ணாச்சி?”

“ஆயுசும்மா. ஒங்க தெருவுல சராசரி ஆயுசு.”

“எங்க கொழுந்தன் மாடசாமி முப்பத்தெட்டுல செத்தாவ. அத எண்ணுனியளா?”

பெருமாள்சாமி நோட்டைப் புரட்டினார். “மாடசாமி… மாடசாமி… போஸ்டர் இல்லையேம்மா.”

“போஸ்டர் அடிக்கல. ஆளு செத்தாவ.”

“ஆதாரம் இல்லாத சாவ நான் எப்படிம்மா சேக்க? நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா?”

“எங்க வீட்டுக்காரருக்குக் கால்ல புண்ணு, அண்ணாச்சி. வெரலு கறுத்துட்டு வருது. ஒரு அட்ட மட்டும்…”

“அட்ட இந்தத் தெருவுக்குத்தாம்மா. விதி. ஒண்ணு செய்யி, டென்மார்க்குல சர்க்கரக்காரங்க காலுக்குன்னே தனியா…” என்று அவர் தொடங்கினார். முப்பிடாதியம்மாள் உள்ளேயிருந்து ஒரு செம்பு மோரோடு வந்தாள். மாரிசெல்வி வாங்கிக் குடித்துவிட்டு, அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை விடிகாலையில் கோலம் போட வெளியே போன முப்பிடாதியம்மாள், “இந்தாருங்க, வெளிய வாங்க” என்று கூப்பிட்டாள். பெருமாள்சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். மருத்துவ வண்டி நிற்கிற காம்பவுண்டுச் சுவர் முழுக்கத் தாள். பழைய மாதக் காலண்டர்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கஞ்சிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. இருபத்தேழு தாள்.

‘கண்ணீர் அஞ்சலி. மாடசாமி. தோற்றம் 1985. மறைவு 2023.’ ‘கண்ணீர் அஞ்சலி. சுடலைமணி. தோற்றம் 1979. மறைவு 2020.’ ஒரு தாளில் ‘இசக்கியம்மாள், பிரசவத்தில், வயது 24’ என்றிருந்தது. ஒரு தாளில் எழுதிப் பழகாத யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள்: ‘பேர் வைக்கல. தோற்றம் ஆவணி 3. மறைவு ஆவணி 5.’

அதைப் படித்தால் யாரும் உடனே அடுத்த தாளுக்குப் போய்விடமாட்டார்கள். பெருமாள்சாமியும் போகவில்லை, பொய் சொல்லக்கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதோ மனுஷன் மாறிவிட்டான் என்று முப்பிடாதியம்மாள்கூட நினைத்தாள். அப்போது அவர் சட்டைப்பையில் கை விட்டுப் பேனாவை எடுத்தார்.

கழித்தார். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. இருபத்துநாலு. பெயர் வைக்காத பிள்ளைக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கி, இரண்டு நாளை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து என்று எழுதினார். துல்லியம் முக்கியமல்லவா?

தெருமுனையில் மாரிசெல்வியும் ஏழெட்டுப் பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எழுதி முடித்ததும் மாரிசெல்வி பக்கத்தில் வந்தாள்.

“இப்பம் ஆதாரம் இருக்குல்லா அண்ணாச்சி?”

“இருக்கும்மா. பழைய பதினொண்ணையும் இதையும் சேத்தா முப்பத்தெட்டு. சராசரி அம்பது புள்ளி அஞ்சு.” அவர் முகம் வாடியிருந்தது. உள்ளே போய் ஐக்கிய நாடுகள் அறிக்கையை எடுத்து வந்து, ஆயுள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பட்டியல் முடிந்த பிறகும் விரல் வெறுந்தாளில் போய்க்கொண்டிருந்தது. “இதுக்குக் கீழ ஒரு நாடும் இல்லையேம்மா. இவ்வளவு தாழ உலகத்துலயே கெடையாது. பக்கத்துல வச்சிச் சொல்ல ஒரு நாடு வேணும்லா? எத ஒப்பிட்டு நான் எழுத?”

“எங்க பக்கத்துல நாட்ட வைக்காண்டாம் அண்ணாச்சி” என்றாள் மாரிசெல்வி. “வண்டிய வச்சாப் போதும்.”

முப்பிடாதியம்மாள் தன் வீட்டு அட்டையை எடுத்து வந்து அவள் கையில் திணித்தாள். அந்த அட்டையில் பெருமாள்சாமியின் போட்டோ ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை வீரபாண்டி அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, வண்டிக்காரர்கள் தன்மையாகத்தான் பேசினார்கள், ஆனால் முகம் வேறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெருமாள்சாமி சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். பத்துநாள் உட்கார்ந்து ஸ்தாபனத்துக்கு எழுதினார். வண்டியை இடம் மாற்றுங்கள் என்று ஒரு வரியில் எழுதியிருக்கலாம். பதினாலு பக்கம் எழுதினார்: தரவுத் திரட்டலில் நேரும் விடுபடல்கள், ஒப்பீட்டில் எழும் சிக்கல்கள், வருங்காலத்துக்கான பரிந்துரைகள். தன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றி அந்தப் பதினாலு பக்கத்தில் ஒரு சொல் இல்லை. அருமையான ஆய்வு, அடுத்த ஆண்டு பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிறார்.

சித்திரை கடைசியில் வீரபாண்டியைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் இரண்டு விரலை எடுத்தார்கள். தறியில் நிற்க முடியவில்லை. இப்போது மாரிசெல்வி தறி ஓட்டுகிறாள், அவர் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். சேதி மம்மது கடைக்கு வந்தபோது பெருமாள்சாமி உண்மையாகவே வருத்தப்பட்டார். “சர்க்கரையில காலு போறவங்க எண்ணிக்கையில நாம உலகத்துல…” என்று தொடங்கினார். மம்மது வந்து அவர் கையிலிருந்த கிளாஸைப் பாதி டீயோடு வாங்கிக் கொட்டிவிட்டார். “எந்திரிங்க அண்ணாச்சி. கடைய கழுவணும்” என்றார். அப்போது காலை ஏழு மணி.

வாசகரே, நீங்கள் நல்லவர். பெருமாள்சாமியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தீர்கள், கடைசியில் திட்டவும் திட்டினீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். ஐம்பது புள்ளி ஐந்துக்குக் கீழே ஒரு நாடும் இல்லை என்று படித்தபோது, அப்படியானால் கடைசியில் இருப்பது எந்த நாடு என்று உங்கள் மனம் ஒரு எட்டு ஓடிப் பார்த்துவிட்டு வந்ததா இல்லையா? வீரபாண்டிக்கு விரல் போனது எந்தக் காலில் என்று கேட்கத் தோன்றியதா?

இடது காலில்.